காளான் அறையும் சேர்மனின் மூக்கும்

என் கணவர் ரிடையர் ஆனதும் நான் முதலில் பறிகொடுத்தது என் அடுக்களையை. ஒரு வங்கிக் கிளையையே கட்டி மேய்த்தவர் அவர். இப்போது மேய்க்க அகப்பட்டது என் சாம்பார்தான். "பருப்புக்கு இன்னும் ரெண்டு விசில் விடப்படாதோ?" என்பார். விட்டால், "குழைஞ்சுடுத்தே" என்பார்.

அந்த நச்சரிப்பும் ஒரு நாள் நின்றுபோயிற்று. காலையில் குளித்து, சட்டையை இன் செய்துகொண்டு, பால்கனியில் உட்கார்ந்து மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு ஓடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குப் பயமாக இருந்தது. நச்சரிப்பே தேவலை என்று சாம்பாரில் வேண்டுமென்றே உப்பைக் கூடப் போட்டுப் பார்த்தேன். தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

நவி மும்பை நெருளில் இருக்கும் எங்கள் மகள்தான் அவரைக் காளான் வளர்ப்பு ஆன்லைன் வகுப்பில் சேர்த்துவிட்டாள். எங்கள் வீட்டில் காளான் சாப்பிடும் வழக்கம் கிடையாது. மாமனார் பாலக்காட்டிலிருந்து வந்த நாளிலிருந்து அது எங்கள் வாசற்படி ஏறியதில்லை. ஆகவே நாங்கள் வாயில் வைக்காத ஒரு பண்டத்துக்கு, மகள் கல்யாணத்துக்கு முன் இருந்த அறையை ஒழித்துக் கொடுத்தோம். மும்பையில் மனிதர்களுக்கே கிடைக்காத தனி அறை அது, பாத்ரூம் வசதியோடு.

ஊறவைத்து வேகவைத்த வைக்கோலைக் காளான் விதையோடு பாலிதீன் பைகளில் அடைத்து உத்தரத்திலிருந்து தொங்கவிட்டார். காளானும் மூச்சு விடுமாம். அந்தக் கெட்ட காற்றை வெளியேற்றாவிட்டால் தண்டு மட்டும் நீண்டு, குடை விரியாதாம். எங்கள் வீட்டில் மனிதர்களுடைய மூச்சைப் பற்றி அவர் இவ்வளவு கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கினார். தெருப் பக்கம் துளை போடக் குடியிருப்பு சொசைட்டி விடாது. அதனால் பாத்ரூம் ஜன்னலில் வைத்தார். எங்கள் கட்டடத்தில் எல்லா பாத்ரூம் ஜன்னல்களும் ஒரே இடுக்கைப் பார்த்துத் திறக்கும். டக்ட் என்று அதற்குப் பெயர். இரண்டாவது மாடியில் யார் தும்மினாலும் நாலாவது மாடியில் ஆசீர்வாதம் கிடைக்கும்.

பைகளில் ஒன்று புளித்துக் கெட்டுப்போயிற்று. மறுநாள், நாலாவது மாடியில் இருக்கும் சொசைட்டி சேர்மன் வாசலில் நின்றார்.

"மாமி, தப்பா எடுத்துக்கப்படாது. உங்காத்துலேர்ந்து மீன் நாத்தம் வரது."

மாட்டுங்காவில் ஓர் ஐயர் வீட்டைப் பார்த்துச் சொல்ல இதைவிடப் பெரிய குற்றச்சாட்டு இல்லை. கொலை என்றால்கூட என்ன காரணம் என்று விசாரித்திருப்பார்கள்.

என் கணவர் அந்தப் பையைத் தூக்கி எறிந்துவிட்டுத் தமக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தார். ஃபேன் வாயில் ஊதுவத்திக் கட்டை அப்படியே கொளுத்தி வைத்து, பக்கத்தில் சாம்பிராணியும் போட்டார். டக்ட் முழுக்க மணத்தது. அரை மணியில் மூன்றாவது மாடி மாமி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"கார்த்தாலகூட மாமாவ பால்கனியில பாத்தேனே! எப்போ ஆச்சு?"

அவளுக்குப் பின்னால் சேர்மன், கையில் மாலையோடு. பக்கத்திலேயே பூக்கடைகள் இருக்கிற வசதி. அப்போது பாத்ரூமிலிருந்து என் கணவர் வெளியே வந்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று அக்கறையாக விசாரித்தார். அந்த மாலையை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடிற்று. அறையை மூட வேண்டும் என்றார் சேர்மன். வாதாடுவார் என்று பார்த்தால், என் கணவர், "சரி, எடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். பால்கனியில் உட்காருவாரே, அதே மாதிரி. அந்த அறையை அதிகமாகத் திட்டியவள் நான்தான். ஆனாலும் எழுந்துவிட்டேன்.

"ஒரு மாசம் டைம் குடுங்கோ. அப்பறமும் நாத்தம் வந்தா நானே தூக்கிக் குப்பையில போடறேன். அதுவரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கப்படாது."

வாசனையை வாசனையால் மூட முடியாது, வடிகட்டத்தான் வேண்டும் என்று அவர் அதற்குள் படித்துவிட்டிருந்தார். ஆக்டிவேட்டட் கார்பன் என்று கருப்புக் குருணை ஒரு மூட்டை வந்தது. கம்பி வலையில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உருளைகள் செய்து, நடுவில் குருணையைக் கொட்டி, என்னைக் கேட்காமல் நல்ல வேஷ்டி ஒன்றைக் கிழித்துச் சுற்றினார். அறைக் காற்று அதன் வழியாகப் போய்த்தான் ஃபேனுக்குள் நுழைய வேண்டும். எல்லாம் சரி, மற்றப் பைகளின் வைக்கோல் நாற்றம் மட்டும் போகவில்லை. வகுப்பு வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். நான் உருளையை ஆட்டிப் பார்த்தேன். கலகலவென்றது.

"ஏன்னா, காப்பிப் பொடிய இப்படி லூசாப் போட்டா டிகாஷன் எப்படி எறங்கும்? தண்ணியாட்டமா ஓடிடும். காத்தும் சந்துல பூந்து ஓடறது."

உருளையைத் தரையில் தட்டித் தட்டி, குருணை அமர்ந்த இடத்தில் மேலும் போட்டு, மறுபடி தட்டினேன். ரொம்ப அழுத்தினாலும் இறங்காது. எவ்வளவு போதும் என்று கைக்குத் தெரியும். ஃபேன் லேசாக முனகியது. நாற்றம் அத்தோடு நின்றது.

மாதக் கடைசியில் சேர்மன் சோதனைக்கு வந்தார். எங்கள் பாத்ரூமில் கண்ணை மூடிக்கொண்டு, டக்டுக்குள் கழுத்தை நீட்டி, இழுத்து இழுத்து மோந்தார். ஒன்றும் கிடைக்காததில் அவருக்கு ஏமாற்றம்தான்.

"மெஷின நிறுத்திட்டேளா?"

என் கணவர் அவரை அறைக்குள் கூட்டிப்போய்க் காட்டினார். மறுநாளும் சேர்மன் வந்தார். ஃபாலோ-அப்பாம். அதற்கு மறுநாளும் வந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரும் ரிடையரானவர்; மனைவி காலமானதிலிருந்து அவருக்கு மெஸ்ஸிலிருந்துதான் சாப்பாட்டு டப்பா வருகிறது. அவர் வீட்டில் தாளிக்கிற வாசனை எழும்பியே நாளாகிவிட்டது. அந்த மூக்குக்கும் வேறு வேலை இல்லை.

ஆக, அடுக்களையிலிருந்து ஒரு ரிடையரானவரை வெளியேற்றிய சாமர்த்தியத்தில், வீட்டுக்குள் இரண்டு ரிடையரானவர்களைச் சேர்த்துக்கொண்டேன். இரண்டு டம்ளர் காப்பியோடு அந்த அறை வாசலுக்குப் போனேன். உள்ளேயிருந்து அதட்டல் கேட்டது.

"கதவச் சாத்துங்கோ சார்! காத்து ஃபில்டர் வழியாத்தான் போகணும், எத்தன தடவ சொல்றது?"

"சாரி பாஸ்" என்றார் சேர்மன்.

அந்த நாளில் ஏதாவது அவசரத்துக்கு அவர் வங்கிக்குப் போன் செய்தால், பின்னணியில் கிளை முழுக்க ஒலிக்குமே, அந்தக் குரல். கதவைத் தட்டாமல் நின்றேன். கண்ணில் நீர் முட்டியது. சாம்பிராணிப் புகை என்று சொல்லிச் சமாளிக்கலாமென்றால், அந்த அறையிலிருந்து இப்போது ஒரு வாசனையும் வருவதில்லை.