நாலாவது ஆள்

என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். யாழ்ப்பாணத்தில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றைக்கும் தடுமாற்றம். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கதைக்கக் கூச்சப்படுகிற ஆள் நான். கோபம் தாங்காமல்தான் எழுதுகிறேன்.

போன கிழமை நான் வேலை செய்யும் வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. துருக்கியில் சனம் தெருவில் இறங்கி நிற்கிறது, பொலிஸ் தண்ணீர் பீச்சுகிறது. பிறகு அங்கேயே வேறு மொழி பேசுகிற குர்து சனத்தைப் பற்றியும் ஏதோ காட்டினார்கள். வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா, "எல்லாரும் துருக்கிக்காரர்தானே, தங்களுக்குள் ஏன் அடிபடுகிறார்கள்?" என்றா. நான் கையில் இருந்த துணியை வாளிக்குள் எறிந்தேன். அந்த அம்மாவில் என்ன பிழை? எங்கள் வீட்டிலேயே ஒருவர் அப்படித்தான் நினைத்தார்.

பதினொரு வயதில் மாமா என்னை இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு எடுப்பித்தார். வுச்சீரியாச் சந்தையில் மீன்கடையில் பெட்டி கழுவினேன். என்னோடு கழுவியவர் எங்கள் பக்கத்து அறையில் இருந்த குர்து அண்ணை. அவரும் துருக்கியிலிருந்து வந்தவர்தான், ஆனால் கிழக்கே ஒரு மலைக் கிராமம். எனக்குச் சந்தையில் பொறுக்கின இத்தாலியன், அவருக்கு அதிலும் பாதி. ஒருநாள் ஐஸ் துண்டுகளை வீடுகளாக அடுக்கி, "பட்டாளம்" என்றார், "நெருப்பு" என்றார், எல்லாவற்றையும் கையால் வழித்துக் கீழே தள்ளினார். ஒரு துண்டை மட்டும் எடுத்து, "இது என் தம்பி, கொண்டுபோய்விட்டார்கள்" என்று காட்டிவிட்டு, அது கரையும்வரை கையிலேயே வைத்திருந்தார்.

அகதியாகப் பதிய அவருடைய கதையை ஒரு சட்டத்தரணி அம்மா எழுதுவதாக இருந்தது. அதில்தான் அவர் இந்த நாட்டில் இருப்பதற்கான பத்திரம் தங்கியிருந்தது. அவர் அரைகுறையாகச் சொல்ல, கதை தெரிந்த நான் நிரப்பிச் சொல்வதாக ஏற்பாடு. மாமாவும் துணைக்கு வந்தார். வாசலில் வைத்து மாமா எங்களை எண்ணினார்.

"மூண்டு பேராப் போகக்கூடாது. போற காரியம் உருப்படாது."

"ஒரு கல்லை எடுத்துப் பொக்கற்றில வையுங்கோ, நாலாவது ஆளா இருக்கட்டும்" என்றா மாமி.

"கல்லு துருக்கி கதைக்குமோ? பொறு, வாறன்."

மாமா ரயில் நிற்கும் ஸ்தாசியோனே பக்கம் ஓடிப்போய், அங்கே இறைச்சி சுட்டு விற்கும் துருக்கிக்காரரை ஏப்ரனோடு கூட்டிவந்தார். மொழிபெயர்க்கவும் ஆச்சு, நாலாம் ஆளுக்கும் ஆச்சு என்று அவருக்குப் பெரிய புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. துருக்கிக்காரர் சிரித்தபடி அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அண்ணை கையைக் கொடுத்தார், உடனே இழுத்துக்கொண்டார்.

"பாரடா, ஊர்க்காரனைக் கண்டதும் ஆளுக்குப் பேச்சே வரேல்லை" என்றார் மாமா.

இதே மாமா இந்த நாட்டுக்கு வந்த புதிதில் தன் கதையைச் சொல்லப் போனபோது, உதவி என்று நினைத்து யாரோ ஒரு சிங்கள ஆளை மொழிபெயர்க்கக் கொண்டுவந்து இருத்தினார்களாம். மாமா ஒரு சொல்லும் சொல்லாமல் எழும்பி வந்தாராம். "இலங்கை எண்டால் எல்லாரும் ஒண்டோடா?" என்று வீட்டில் வருசக்கணக்காகக் கத்தினார். கத்திய அதே வாய்தான் போய்த் துருக்கிக்காரரைக் கூப்பிட்டது.

சட்டத்தரணி அம்மா, எந்த ஊர் என்று கேட்டா. துருக்கிக்காரர் அதையே மெல்லிய குரலில் தங்கள் மொழியில் கேட்டார். அண்ணை, "இஸ்தான்புல்" என்றார். ஏன் வந்தீர்கள் என்றதற்கு, "வேலைக்கு" என்றார். நான், "இல்லை, இவருடைய தம்பியை..." என்று தொடங்கினேன். மேசைக்குக் கீழே அண்ணை என் காலை அழுத்தி மிதித்தார். நான் நிறுத்திவிட்டேன். அந்த அம்மா, வேலைக்கு வந்தவர் என்றே எழுதினா.

வரும் வழியில் எனக்கு வந்த ஆத்திரம்! எனக்கு ஒரு கதை, அந்த அம்மாவுக்கு ஒரு கதையா? எல்லாருக்கும் முன்னால், "பொய்க்காரன்!" என்று இத்தாலியனில் கத்தினேன். அண்ணை, "சி" என்றார். ஓம் என்று. அவ்வளவுதான்.

சில மாதத்தில் பத்திரம் இல்லை என்று முடிவு வந்தது. "நாலு பேராப் போயும் சரிவரேல்லை. அவரின்ரை நேரம் அப்பிடி" என்று மாமா சோற்றைப் பிசைந்தார். கடைசிவரை அவருக்கு அது நேரத்தின் குற்றம்தான். மாமாவில் எனக்குள்ள கோபம் அவர் செத்த பிறகும் ஆறவில்லை. என்னில் உள்ளது அதைவிடக் கூட.

அந்தத் துருக்கிக்காரர் நல்லவராகக்கூட இருந்திருக்கலாம். எனக்கு இன்றைக்கும் தெரியாது. அண்ணைக்கும் தெரியாது, அதுதான் விசயம். எரிந்த ஊரில் தன் தாய் ஒரு கொட்டில் போட்டு இன்னமும் இருக்கிறா என்று அவர் எனக்கு மட்டும் சொல்லியிருந்தார். ஊரின் பெயரைச் சொன்னால் அது எத்தனை வாய் மாறித் துருக்கிப் பட்டாளத்திடம் போய் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். பெட்டி கழுவிய எனக்குத் தெரியவில்லை. என்னை ஏமாற்றினார் என்றுதான் நினைத்தேன். வேறு நாட்டுக்கு வெளிக்கிட்ட காலையில் அவர் எங்கள் கதவடியில் நின்று என் பெயரை இரண்டு தரம் கூப்பிட்டார். நான் முழிச்சபடி போர்வைக்குள் கிடந்தேன்.

பலெர்மோ, 2025 ஏப்ரல் 6, ஞாயிறு.