தூசிக்கு வந்த மரியாதை

எல்லாரும் தட்டிவிட்டுப் போகிற தூசியைப் பத்திரமாக அள்ளிப் பையில் போடுவது எங்கள் தொழில். எதையாவது கூட்டப் போய்த் தும்மித் தும்மி வீடு திரும்பியவர் நீங்களென்றால், வாங்க, நம்ம ஆள்.

நான் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். கீரனூரிலிருந்து வரும் கல்லூரி மேடம் ஒருவர், புதுக்கோட்டைத் தெருத்தூசியில் காரீயம் மாதிரி உலோகங்கள் எவ்வளவு கலந்திருக்கின்றன என்று ஆராய்கிறார். பை பிடிக்க என்னைச் சேர்த்துக்கொண்டார். இரும்புக் கரண்டி ஆகாது, கையில் மோதிரம் ஆகாது, அந்த உலோகமும் தூசியில் ஒட்டிக் கணக்கைக் கெடுத்துவிடுமாம். பிளாஸ்டிக் பிரஷ்ஷும் முறமும்தான்.

நடந்து போன காக்கா

காலை வெயில் சாய்வாக விழும்போது பஸ் ஸ்டாண்டுத் தூசியைப் பார்க்கணும். பொன்னாக மினுக்கிக்கொண்டு, எந்த பஸ்ஸையும் பிடிக்கிற அவசரமில்லாமல் மெல்ல இறங்கும். பார்த்துக்கொண்டே நின்றால் கண் தானாகச் சொருகும்.

அந்தத் தூசியில் ஒரு காக்கா புரண்டது. றெக்கையில் காரீயம் ஏறிவிட்டது. பறக்க முடியவில்லை. திருவரங்குளம் வரை என் பின்னாலேயே நடந்து வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கியது. டீக்கடைக்காரரிடம் சொன்னேன். கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "பஸ்ல ஏத்தியிருக்கலாமேண்ணே, அரை டிக்கெட்தானே?"

கோலம்

மூடிப்போன பேட்டரிக் கடைக்குப் பின்னால் குடியிருந்த சரசு அங்கேயே கீரை போட்டிருந்தாள். அவள் மகள் மாசமாக இருந்தாள். தினம் அந்தக் கீரைதான் அவளுக்கு. பேட்டரிக் காரீயம் கீரை வழியாக வயிற்றுப் பிள்ளைக்குப் போய்விடுமோ என்று மேடத்துக்குக் கவலை. நாளைக்கு வந்து வாசல் தூசியும் பாத்தி மண்ணும் எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

சொன்னதுதான் தப்பு. மறுநாள் போனால் வாசலைக் கூட்டி, சாணி தெளித்து, பெரிய கோலம் போட்டிருக்கிறாள். பாத்தியிலும் எங்கிருந்தோ புதுமண் கொண்டுவந்து கொட்டிப் பூப்போலப் பரப்பியிருக்கிறாள். மேடம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் ஆத்தா, தூசி எடுக்கத்தானே வாரோம்னு சொன்னோம்?" என்றேன்.

சரசு இடுப்பில் கைவைத்தாள்: "படிச்சவங்க வீடு தேடி வர்றப்ப வாசலக் குப்பையாவா போட்டு வைப்பாக?"

கிணுகிணுக்கும் கீரை

அடுத்த வாரம் சொல்லாமல் போய், புதுமண்ணை ஒதுக்கிவிட்டு அடிமண்ணை எடுத்தோம். முடிவு வரும்வரை கீரை வேண்டாம் என்றார் மேடம். சரசு தலையாட்டினாள். நாங்கள் திரும்பியதுமே ஒரு கட்டுக் கீரை பறித்தாள்.

அன்று மத்தியானம் அசந்து தூங்கிவிட்டேன். கனவில் கீரைத்தண்டெல்லாம் வெள்ளித்தண்டு. காற்றடித்தால் கிணுகிணு என்கிறது. ஊர்ச்சனம் ஈயப் பொம்மைகளாகத் தரையில் கால் பாவிப் பாவி நடக்கிறது. சரசு மகள் கூடையைத் தூக்குகிறாள், தூக்க முடியவில்லை. வயிற்றுக்குள்ளிருந்தும் கிணுகிணு. வியர்த்துப்போய் எழுந்தேன்.

இதை மட்டும் நான் கூட்டிச் சொல்லவில்லை. நேரே போய் சரசுவிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மகள் இருந்த பக்கம் திரும்பினாள்: "இன்னிக்கு அவளுக்கு ரசம் வச்சிர்றேன்."

கால் கழுவ

முடிவோடு மேடமே வந்தார். பழைய பேட்டரிகளை உடைத்த இடமாம் அது. மண்ணில் காரீயம் அதிகம். கீரையைத் தின்னவும் கூடாது, விற்கவும் கூடாது. மகளுக்கு உடனே ரத்தம் பார்க்கணும். சரசு நேரே பாத்திக்குப் போனாள். பாத்தி முழுவதையும் பிடுங்கினாள். ஆடு வாய் வைக்காதபடி மூட்டை கட்டினாள். மகளோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்வரை அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. ரத்தத்தில் காரீயம் பயப்படுகிற அளவுக்கு இல்லை, இனி அந்த மண் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொன்னாராம்.

சரசுவுக்குப் பேத்தி பிறந்தாள். மிட்டாய் வாங்கிக்கொண்டு ஓடினேன். வாசலில் கோலத்துக்குப் பக்கத்தில் குடமும் சோப்பும். உள்ளே ஒரு கால் வைக்கவில்லை, சரசு மறித்தாள்: "அங்கிட்டே நில்லுங்கண்ணே, புதுக்கோட்டைத் தூசி பூராம் ஒங்க மேலதான் இருக்கு, கழுவிட்டு வந்து பிள்ளையத் தூக்குங்க."

ஊர்த்தூசியை அள்ளி அள்ளி நான் கண்ட மரியாதை ஒரு குடம் தண்ணீர்தான் என்றாலும், அதற்கப்புறம் என் மடியில் கிடந்த பிள்ளை கிணுகிணுக்காமல் வீல்வீலென்று அழுதது.