ஜெயந்தினி அக்காவின் கெலக்சி கேக்

ஜெயந்தினி அக்கா ஒரு கையால் பட்டர் ஐசிங் அடிக்கிறார். மறு கை ஃபோனில் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறது. "பாருங்களேன், நடுவுல கம்பு மாதிரி நிக்குது! ரெண்டு நுனியிலயும் வாலு சுத்திக்கிட்டுப் போவுது!" என்று கத்துகிறார். கத்தல்தான் அவருடைய இயல்பான குரல்.

கம்பும் வாலும் கொண்ட அந்தப் பொருள் ஒரு பட்டைச் சுருள் விண்மீன் மண்டலம், அக்காவின் வாயில் கெலக்சி. அதன் வெளிச்சம் அங்கிருந்து கிளம்பி எங்கள் மலைநாட்டு டிக்கோயாவுக்கு வந்து சேரப் பல கோடி வருடங்கள் ஆகுமாம். "அப்ப நம்ம பஸ்ஸு பரவாயில்ல" என்பது அக்காவின் கருத்து.

பகலில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகும் அம்மாக்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஓய்ந்த நேரத்தில் பிறந்தநாள் கேக். இதுவரை தோட்டம் கண்டதெல்லாம் வாத்தும் ரோசாப்பூவும்தான். தொலைநோக்கி எடுத்த இந்தப் படம் ஃபோனில் வந்து விழுந்த நாளிலிருந்து ஆள் தலைகால் புரியாமல் திரிகிறார். தூங்கவைக்கும் குழந்தையின் முதுகில்கூட விரலால் சுருள் போடுகிறார். அது கிச்சுக்கிச்சுப் பட்டுச் சிரிக்கிறது, தூக்கம் போச்சு.

இந்த நேரம் பார்த்தா மேல் லயத்து வரிசை வீட்டுத் திலக்ஷன் வந்து மாட்ட வேண்டும்! மகளின் முதல் பிறந்தநாள் கேக்கை "ஒங்க இஷ்டம்போல போடுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். இவரிடம் போய் யாராவது அப்படிச் சொல்வார்களா?

வட்டக் கேக். கன்னங்கரேலென்ற ஐசிங்கில் வானம். குறுக்கே வெள்ளைப் பட்டை. அதன் இரு முனைகளிலிருந்தும் வளைந்து போகும் கரங்கள். இளம் நட்சத்திரங்களுக்கு நீலச் சீனிமணி, நட்சத்திரம் பிறக்கும் இடங்களுக்கு ரோஸ் நிறம், தூசிப் பாதைக்குக் கொக்கோத் தூள். "மெதுவா தம்பி, கெலக்சி சாயுது!" என்று வளைவுக்கு வளைவு ஆட்டோக்காரரை வாட்டி எடுத்து, மடியில் வைத்தே கொண்டுவந்தார். கேக் வேலையில் கையுதவிக்குக் கூட வந்த எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது.

மூடியைத் திறந்ததும் திலக்ஷனின் லயத்து வீட்டில் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். குழந்தையின் அத்தை ராசம்மா நெஞ்சில் கை வைத்தார். "என்னா ஜெயந்தினி, புள்ளைக்கு மொதப் பொறந்தநாளு. நல்ல காரியத்துக்குக் கறுப்புலயா கேக்கு? இத வெட்ட வுடமாட்டேன்."

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. வானம் கறுப்பென்று தெரியும். நல்ல நாளில் கறுப்பு ஆகாதென்றும் தெரியும். இரண்டையும் சேர்த்து நினைக்கத்தான் தோன்றவில்லை. "ஆசையா செஞ்சேன் ராசம்மாக்கா" என்றார். அந்தக் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதே இல்லை. எனக்கே அழுகை வந்தது.

ராசம்மா அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தார். கறுப்புத் துணி எடுத்தால் மூலையில் மஞ்சள் தொட்டு வைத்துவிட்டு உடுத்துவது நம் வழக்கம்தானே. "இதுல மூலைய எங்கன்னு தேடுறது?" என்று கேக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தவர், நட்டநடுவில் ஒரு பொட்டு வைத்தார்.

அக்கா போட்ட கூச்சலில் பிறந்தநாள் பிள்ளையே திகைத்துப் போனது. "அய்யோ, அந்தக் கம்பு முழுக்க மஞ்சதாங்க! கெழட்டு நட்சத்திரம் பூரா அங்கதான் கூடிக் கெடக்கு! போட்டோவுல மஞ்சளாத்தான் இருக்கு, நான்தான் வெள்ளையா வுட்டுட்டேன்!"

ராசம்மா கையைத் துடைக்கப் போனார். அக்கா விடவில்லை. அந்த மஞ்சள் விரலை இரண்டு கையாலும் பிடித்து, பட்டையின் ஒரு நுனியில் வைத்து, மறு நுனி வரைக்கும் இழுத்தார்.