நெல் அண்டாவில் சூடேறிய சக்கரம்

அவித்த நெல்லின் ஆவி மூக்கில் ஏறினாலே எனக்குக் கூடவே கிரீஸ் வாசனையும் வந்துவிடும். சிரிக்காதீர்கள்... காரணம் இருக்கிறது.

கல்யாணமாகி நன்னிலம் பக்கத்துக் கிராமத்துக்கு வந்த சில வாரங்களிலேயே அவர் குவைத்துக்குத் திரும்பிவிட்டார். வீட்டில் நானும் அத்தையும், அதாவது அவருடைய அம்மாவும்தான். கொட்டகையில் நெல் மூட்டைகளுக்கு நடுவே அவருடைய பழைய புல்லட். கல்யாணத்துக்கு முன்னால் அதில்தான் ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறார். பின்னால் பெட்டி கட்டிக்கொள்ளக் கம்பியெல்லாம் உண்டு. நானோ அதில் திருவாரூரைத் தாண்டியதில்லை.

போனில் பேசும்போதெல்லாம், "இந்த லீவுக்கு ராமேஸ்வரம் வரைக்கும் வண்டியிலயே போறோம்" என்பார். அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டுதான் நான் அந்த வருஷத்தை ஓட்டினேன்.

வந்தார். வந்த மறுநாளே கொட்டகையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

நின்றே கிடந்ததில் இரண்டு டயரும் வெடிப்பு விட்டிருந்தன. முன் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் லொடலொடவென்று ஆடியது. பேரிங் போய்விட்டது. முன்பு, அறுப்புக் காலத்தில் ரோட்டில் பரப்பிய வைக்கோல் மேல் ஓட்டி ஓட்டி, அச்சைச் சுற்றி வைக்கோல் கயிறு மாதிரி இறுகி, பேரிங்கை மூடியிருந்த ரப்பர் சீலைக் கிழித்து, உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தது. எங்கள் பக்கத்து வண்டிகளுக்கெல்லாம் வருகிற வியாதிதான்.

எனக்குக் கோபமான கோபம். புருஷன் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை பேசுவதற்குள் அவர் வண்டியைப் பிரித்துப் போட்டால் யாருக்குத்தான் வராது?

டயரும் பேரிங்கும் தஞ்சாவூரில் சொல்லிவைத்து வந்து சேர்வதற்குள் பாதி லீவு ஓடிவிட்டது. அவை வந்த அன்றே குவைத்திலிருந்து போன். வேலையில் ஏதோ அவசரம், உடனே வரச் சொல்கிறார்கள். டிக்கெட் நாளை மறுநாளுக்கு மாறியது. ராமேஸ்வரம் அதோடு போச்சு. நான் கொல்லைப்பக்கம் போய் அழுதேன்.

அவர் பின்னாலேயே வந்தார்.

"நாளைக்கு ஒரு நாள் இருக்குல்ல கலா. காலையில சக்கரத்த மாட்டிட்டா, வேளாங்கண்ணியாச்சும் போயிட்டு வந்துடலாம்."

"மாட்ட முடியலன்னா?"

"பஸ்ல போலாம்."

"பஸ்ல எங்க அம்மாவோடயே போயிருக்கேங்க."

அவர் நேரே உள்ளே போனார். புது பேரிங்கைக் கவரில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தார். குளிரில் அது துளி சுருங்குமாம். சக்கரத்தின் நடுப்பகுதியைச் சூடாக்கினால் அது துளி விரியுமாம். அப்போது மாட்டினால் சண்டை போடாமல் உள்ளே இறங்குமாம்.

காலையில் பின் டயரை முதலில் மாற்றினோம். நான் டயர் மேல் ஏறி நின்று மிதிக்க, அவர் லீவர் போட்டு நெம்பினார். சோப்புத் தண்ணீர் தடவியதும் புது டயர் ஏறிக்கொண்டது. முன் சக்கரம்தான் மல்லுக்கு நின்றது. டயரைக் கழற்றிவிட்டு எவ்வளவு அடித்தும் பழைய பேரிங் அசையவில்லை. உள்ளே அவ்வளவு துரு. அவர் உள்ளங்கை சிவந்துபோனது. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. இன்றும் போச்சு என்றே நினைத்துவிட்டேன்.

கொல்லையில் அத்தை பெரிய அண்டாவில் நெல் அவித்துக்கொண்டிருந்தார். ஆவி குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது. சக்கரத்தோடு நின்ற அவர் அந்த அண்டாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அத்தை விறகெடுக்க நகர்ந்த நேரம், சக்கரத்தைத் தூக்கி அண்டாவின் வாய்மேல் படுக்க வைத்துவிட்டார்.

சூடு நன்றாகத்தான் ஏறியது. பழைய பேரிங் சில தட்டிலேயே கழன்று விழுந்தது. ஃப்ரீசரிலிருந்து நான் ஓடிப்போய் எடுத்துவந்த புதுசு, வெண்ணெயில் விரல் வைத்த மாதிரி இறங்கியது. பழைய கிரீஸ் உருகி நெல்லில் சொட்டியதை மட்டும் நாங்கள் கவனிக்கவில்லை.

அத்தை கவனித்தார்.

"ஏன்டா, சோத்துக்கு அவிக்கிற நெல்லுடா இது. இதுல கொண்டாந்து வண்டி அழுக்க ஊத்தியிருக்கியே."

"மேலாப்லதாம்மா பட்டிருக்கு. அள்ளிப் போட்டுடலாம்."

"அள்ளிப் போடு. மிச்சத்த உன் பொண்டாட்டி திங்கட்டும். அவளும் பக்கத்துலதான நின்னா."

சொல்லிவிட்டு அத்தையே மேல் நெல்லை அள்ளிக் குப்பையில் கொட்டினார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்க்காமலே, "நின்னுகிட்டே இருக்காதீங்க. பொழுது போறதுக்குள்ள போயிட்டு வாங்க" என்றார்.

புது டயரையும் ஏற்றி, மத்தியானத்துக்கு மேல் கிளம்பினோம். வழியெல்லாம் வயல்... சக்கரம் ஒரு சத்தமும் இல்லாமல் உருண்டது. வேளாங்கண்ணிக் கடற்கரையில் நகமெல்லாம் கறுத்துக்கிடந்த கையாலேயே எனக்கு மாங்காய்த் துண்டு எடுத்துக் கொடுத்தார். திரும்பும்போது அவர் முதுகில் சாய்ந்தவள், ஊருக்குள் வண்டி நுழைந்த பிறகும் நிமிரவில்லை. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் போய்விட்டார்.

அந்த நெல்லைக் காயவைத்து, அரைத்து, மாதக்கணக்கில் சாப்பிட்டோம். சோற்றில் ஒரு வாசனையும் இல்லை என்று அத்தை அடித்துச் சொன்னார். எனக்கு மட்டும் லேசாகக் கிரீஸ் வாசனை வந்தது. குறையே சொல்லாமல் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டேன்.

இப்போது அவர் ஊரோடு வந்துவிட்டார். அத்தை இல்லை. நெல் நேராக மில்லுக்குப் போய்விடுகிறது. அதே வண்டியைப் போன மாதம் தஞ்சாவூரில் ஒரு ஷெட்டில் விட்டு டயர், பேரிங் எல்லாம் மாற்றினோம். மெஷினில் வைத்து அழுத்துகிறார்கள், அவ்வளவுதான். பக்கத்துக் கடையில் டிபன் சாப்பிட்டு வருவதற்குள் ஒரு சக்கரம் முடிந்திருந்தது. அவர் சட்டையில் ஒரு கறை இல்லை.

வீட்டுக்கு வந்ததும், "எங்கயாச்சும் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமாங்க?" என்று கேட்டேன்.

"போலாமே. என்ன அவசரம்? நான் இங்கயேதான இருக்கப்போறேன்" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்கத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். கேட்டு ஒரு மாதம் ஆகிறது... இன்னும் நாங்கள் எங்கும் போகவில்லை.