அப்பா இரண்டாம் தடவை தண்ணீரில் இறங்கினார்

ஒரே செய்தியைத் தமிழில் ஒருமுறை, சிங்களத்தில் ஒருமுறை, நின்ற இடம் மாறாமல் சொல்லிப் பிழைக்கிறவள் நான். கமராவோடு மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் அலைகிறேன். இந்தத் தொழிலைக் காட்டித் தந்தவர் சின்னம்மா என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். அவருடைய வேலையை ஒருநாள் நான் கெடுக்கப் பார்த்ததை மட்டும் யாரும் சொல்வதில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. விடாத மழையில் வாவி பெருகி, வெல்லாவெளிப் பக்கம் எங்கள் வயல் வட்டை முழுவதும் தண்ணீருக்குள் போய்விட்டது. நெல் குடலைப் பருவம். கதிர் வெளியே வரச் சில நாட்களே இருந்தன. கடலோரத்தில் மணல் மூடிக் கிடந்த ஆற்றுவாயை வெட்டிவிட்டால் வெள்ளம் கடலுக்கு ஓடிவிடும். வெட்டினால் இறாலும் போய்விடும், பொறுங்கள் என்று தோணிக்காரர்கள் மறிக்க, உத்தரவு போட வேண்டிய பெரிய அதிகாரி முடிவெடுக்காமல் இருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. சிங்களச் செய்தியைத் தவறாமல் பார்ப்பாராம்.

சின்னம்மா அப்பாவை இடுப்பளவு தண்ணீரில் நிற்க வைத்துப் படம் பிடித்தார். தமிழில் அப்பா வெளுத்துக் கட்டினார். பிறகு சிங்களம். சின்னம்மாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. தன் குரலிலேயே சொல்லியிருக்கலாம். வயல்காரன் வாயால்தான் வரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அப்பாவுடையதோ பொலன்னறுவையில் மூட்டை சுமந்த காலத்தில் பொறுக்கிய சிங்களம். தடக்கினார், விழுங்கினார். குடலைக்குச் சொல் வராமல் ஒரு பயிரைப் பிடுங்கி, தண்டைப் பிளந்து, உள்ளே இருந்த பிஞ்சுக் கதிரைக் காட்டினார். வரம்பில் நின்றவர்கள் சிரித்தார்கள். என் வகுப்புப் பிள்ளைகளும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார்கள். எனக்கு மானம் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து சின்னம்மா கால் கழுவப் போன நேரத்தில் கமராவில் இருந்த அந்தச் சிங்களப் படத்துண்டை அழித்துவிட்டேன். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று பார்த்து வைத்திருந்தேன். அந்தக் கெட்டித்தனம் பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் வந்ததில்லை.

அனுப்புவதற்கு முன் ஒருமுறை ஓடவிட்டுப் பார்ப்பது சின்னம்மாவின் வழக்கம். பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கேவிக் கேவி அழுதேன்.

“அப்பாவப் பார்த்து எல்லாரும் சிரிச்சாங்க.”

அடி விழும் என்று முதுகை ஒடுக்கிக்கொண்டேன். விழவில்லை. சின்னம்மா கிணற்றடிப் பக்கம் திரும்பி, “அத்தான், சிங்களம் பதியல்ல போல கிடக்கு. இன்னொருக்கா இறங்கேலுமா?” என்று கேட்டார்.

“ஓம், வாறன்” என்று அப்பா ஈரச் சாரத்தையே மறுபடி மடித்துக் கட்டினார்.

பொழுது சாயும் நேரம். வரம்பில் நான் மட்டும்தான். அப்பா முன்பு தடக்கிய இடங்களிலெல்லாம் ஒழுங்காக மறுபடியும் தடக்கினார். இன்னொரு பயிரைப் பிளந்து காட்டினார். முடிவில் புதிதாக ஏதோ ஒரு வசனம் சொல்லிச் சிரித்தார். கமராவுக்குப் பின்னால் சின்னம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் சிங்களச் செய்தியில் அப்பா வந்தார். மூன்றாம் நாள் மண்வெட்டும் பெக்கோ இயந்திரம் போய் ஆற்றுவாயை வெட்டியது. பாதிப் பயிர் தப்பியது. நான் அழித்தது அப்பாவுக்குத் தெரியாமலே எல்லாம் நல்லபடி முடிந்தது என்று உள்ளூரச் சந்தோஷப்பட்டேன்.

சிங்களம் படித்துத் தேறிய பிறகு ஒருநாள், சின்னம்மா பத்திரமாக வைத்திருந்த அந்தத் துண்டைப் போட்டுப் பார்த்தேன். அப்பாவின் கடைசி வசனம் இதுதான்: “ஐயா, என் பேச்சுக்குச் சிரியுங்கள், என் மகளுக்கே வெட்கமாக இருக்கிறது. சிரித்துவிட்டு ஆற்றுவாயை வெட்டுங்கள்.”

கிணற்றடியில் நின்றவருக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. அவர் அதைச் சொன்னபோது, இந்தத் தடவையாவது யாரும் பார்க்கவில்லையே என்ற நிம்மதியில் நான் வரம்பில் நண்டு தேடிக்கொண்டிருந்தேன்.