வலது காதில் சொன்ன பெயர்

பிறப்புச் சான்றிதழுக்காக நகராட்சி அலுவலகத்துக்கு மூன்றாவது முறையாகப் போயிருந்தேன். கவுன்டரில் இருந்த அம்மாள் தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னும் கொழந்த பேரு எழுதலியாமா? அடுத்த மாசத்தோட வருசம் ஆவுது. அதுக்கப்புறம் வந்தா பேஜாரு. நீ கொழந்தைக்கு இன்னா வேணும்?"

"அத்தை" என்றேன்.

சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன். எங்கள் வீட்டில் அந்தச் சொல் ஒருவருக்குத்தான் உரியது. அவர் போய் வருடம் திரும்பப் போகிறது. இனி அந்த இடத்தில் நான்தான் நிற்க வேண்டும் என்பது, பின்னால் இருந்தவர் "தள்ளிக்கோமா" என்றபோதுதான் உறைத்தது.

அத்தை என் அப்பாவின் அக்கா. கணியம்பாடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் மூன்றாவது பெண்ணாகப் பிறந்தவர். இனிப் பெண் பிள்ளை வேண்டாம் என்று சாமிக்குச் சொல்வதற்காகவே அவருக்கு ஒரு பெயர் வைத்தார்கள். நம் பக்கத்தில் அது வழக்கம்தான். அடுத்து அப்பா பிறந்தார். பெயர் பலித்தது என்று எல்லாருக்கும் மகிழ்ச்சி. அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போனவர் அத்தை மட்டும்தான். அத்தையின் நினைவாகப் போடும் இந்த மலரின் அட்டையில் அதை அச்சிட்டிருக்கிறோம், வேறு வழியில்லை. உள்ளே நான் எழுதவில்லை.

மாதனூரில் வாழ்க்கைப்பட்டு, நான்கே ஆண்டுகளில் மாமாவை இழந்தார். பிள்ளைகள் இல்லை. ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் சேர்ந்தார். காலையில் கம்பெனி பஸ், சாயங்காலம் கம்பெனி பஸ், நடுவில் மிஷின். ஓய்வு பெறும்வரை உழைத்தார் என்று எழுத ஆசைதான். நோய் அதுவரை விடவில்லை.

குழந்தைக்கு அத்தைதான் பெயர் வைக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு முறை. அண்ணனுக்கும் எனக்கும் வைத்தது அத்தை. முதலில் வலது காதில் மூன்று முறை சொல்வார். பிறகு குழந்தையின் நாக்கில் சர்க்கரை வைத்து, கூடியிருப்பவர்களுக்குச் சத்தமாகச் சொல்வார். சர்க்கரை வைக்கும்வரை குழந்தையைத் தவிர வேறு காது கேட்கக் கூடாது. பெற்றவர்களுக்கும் அதே சட்டம்தான்.

அவரோடு ஒரே லைனில் தைத்த மேரி அக்கா சொன்னார்: "மிஷின் ஓடுறப்ப வாய்க்குள்ளயே சொல்லிப் பாத்துனு இருப்பாங்க. இன்னாக்கான்னு கேட்டா, 'அம்மாக்காரி கோவத்துல கத்துனாகூட நல்லா இருக்கணும்டி. ஸ்கூல்ல ஒருத்தன் சிரிக்கக் கூடாது'ம்பாங்க. எங்க லைன்ல பாதிப் புள்ளைங்களுக்கு அவங்க வெச்ச பேருதான். எங்க பொண்ணுக்கு ஞானஸ்நானத்துலகூட அதையே எழுதச் சொல்லிட்டேன்."

போன வருடம் அண்ணனுக்குப் பெண் பிறந்தது. முறைப்படி பெயர் வைக்கும் உரிமை எனக்கு. நான்தான் அதை அத்தைக்குக் கொடுத்தேன். அப்போது அவர் வேலூரில் ஆஸ்பத்திரியில் இருந்தார். யோசிக்க ஒரு வேலை கொடுத்தால் எழுந்து உட்காருவார் என்று நினைத்தேன். உட்காரவும் செய்தார்.

இருபத்து மூன்றாம் நாள் குழந்தையைக் காட்டக் கொண்டுபோனோம். வார்டுக்குள் கைக்குழந்தையை விடமாட்டார்கள் என்பதால், அத்தையைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துக் கீழே அழைத்து வந்தேன். அண்ணி குழந்தையை அவர் மடியில் வைத்தார். "ரெண்டு பேரும் அந்தாண்ட போங்க" என்றார் அத்தை. போனோம். திரும்பிப் பார்த்தபோது குழந்தையின் வலது காதருகே அவர் வாய் அசைந்துகொண்டிருந்தது.

"சர்க்கரை எடுத்துனு வரலியே நானு. முப்பதாம் நாளு வீட்ல வெச்சு எல்லாருக்கும் சொல்லிக்கலாம்" என்றார்.

வார்டுக்குத் திரும்பும்போது லிஃப்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"உனுக்கு மட்டும் இப்பவே சொல்லட்டாடி?"

"வேணாம் அத்தை. ரூல்ஸ்னா ரூல்ஸ்தான். நீ வீட்டுக்கு வந்து சொல்லு."

"ஆமா, பெரிய ஆபீசரு" என்று சிரித்தார்.

நான்காம் நாள் காலையில் அத்தை போய்விட்டார்.

துக்க வீட்டில் தொட்டில் போட வேண்டாம் என்று பெயர் சூட்டுவதைத் தள்ளி வைத்தோம். நான் தேட ஆரம்பித்தேன். அத்தையின் டிபன் பை, போன், பழைய டைரி, பீரோவின் அடித்தட்டு எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றும் இல்லை. பெயரைக் கேட்டவள் ஒருத்திதான். அவளுக்கு அப்போது பேச்சு வரும் வயதில்லை.

பிறகு போனில் பட்டியல் போட்டேன். அத்தை எப்படி யோசிப்பாரோ அப்படிப் பெயர் பெயராகச் சேர்த்து, ஒவ்வொன்றாகப் பாப்பாவைக் கூப்பிட்டு, எதற்குத் திரும்புகிறாள் என்று குறித்துக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் திரும்பினாள். இரண்டு மாதம் கழித்து அண்ணி போனை வாங்கி அலமாரியில் வைத்தார். "வுடு. அவளே டயர்டாயிட்டா, பாரு."

ஒருநாள் அப்பா, "அக்கா பேரையே வெச்சிடலாம்" என்றார்.

"அந்தப் பேரையா?" என்றார் அம்மா. "அதுக்குத்தானா அவங்க ஊருப் புள்ளைங்களுக்கெல்லாம் தேடித் தேடிப் பேரு வெச்சாங்க?"

அப்பா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. யாருக்கும் பேசத் தெம்பும் இல்லை. வருடம் முழுக்க அவள் பாப்பாவாகவே இருந்தாள்.

அத்தையை ஒருநாளும் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாக்களுக்கும், ரத்தம் கொடுக்க ஷிப்ட் முடித்த கையோடு வேலூர் வந்த தையல் பிரிவுத் தோழிகளுக்கும், கடைசி மாதங்களில் ஸ்டாப்பில் நிறுத்தாமல் வீட்டு வாசலுக்கே வந்து அத்தையை ஏற்றிக்கொண்ட கம்பெனி பஸ் டிரைவர் அண்ணனுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. என் தேடலுக்குப் பொறுமையாகப் பதில் சொன்ன மேரி அக்காவுக்கும் நன்றி. மூன்று முறை அலைய வைத்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்ட கவுன்டர் அம்மாளுக்கும்.

வருடத் திதியைப் பதினோராம் மாதத்திலேயே வைத்துக்கொண்டது, பாப்பாவுக்கு ஒரு வயது முடிவதற்குள் பெயர் சூட்டத்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே வீட்டில் தொட்டில் போடுகிறோம். எல்லாரும் வர வேண்டும்.

பெயரை முடிவு செய்துவிட்டேன். அண்ணிக்குக்கூடச் சொல்லவில்லை. நேற்று அம்மா மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தபோது, யாருக்கும் கேட்காமல் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். கோபமாகவும் ஒருமுறை. பரவாயில்லை என்றுதான் தோன்றியது. அத்தை சொன்ன பெயராக அது இருக்காது. அவர் வலது காதில் சொன்னது பாப்பாவிடமே இருக்கட்டும். நான் இடது காதில் சொல்லப் போகிறேன். மூன்று முறை சொன்ன கையோடு உங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகவும் சொல்லிவிடுவேன். சர்க்கரையை இப்போதே என் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.