மேல் பட்டன் வரை

ராத்திரி தொட்டிலிலிருந்து ஒரு சத்தம். துருப்பிடித்த கீலை யாரோ மெல்ல அசைக்கிற மாதிரி. என் ஏழு மாதப் பிள்ளையின் மூச்சு அது. மற்ற தாய்மாருக்குத் தைரியம் சொல்வதுதான் எனக்குச் சர்க்கார் சம்பளம் தருகிற வேலை: நோய்த் தகவல்களைப் படமாக்கி, மக்களிடம் காட்டிச் சோதித்து, நர்சுகளுக்கு வகுப்பும் எடுக்கிறேன். கைக்குழந்தைக்காரிகளே, அந்தச் சத்தத்தில் அத்தனையும் மறந்துபோனது. என்ன ஆயிற்று என்று சொல்லுமுன், இந்தத் தொழிலில் நான் வாங்கிய இரண்டு குட்டு.

அட்டைப் பிள்ளை

கல்வராயன் மலையில் ஒரு ஊர். நெஞ்சு குழி விழ மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரி என்று ஒரு பட அட்டை கொண்டுபோயிருந்தேன். படத்தில் என்ன தெரிகிறது என்று கேட்டேன். படத்துப் பிள்ளையின் சட்டை நன்றாக இருக்கிறது, எந்தக் கடை என்றார்கள். கழுத்துப் பட்டன் வரை போட்டு வரையச் சொன்னது நான்தான். கான்வென்ட்டில் மேல் பட்டன் திறந்திருந்தால் சிஸ்டர் வெளியே நிறுத்திவிடுவார், அந்தப் பழக்கம். ஒரு அக்கா அட்டையைத் திருப்பித் தந்தார்.

"சட்டையால மூடி வச்சிகினு மூச்சப் பாருன்னா, இன்னாத்த பாக்கறது மேடம்?"

நடிப்பு

கள்ளக்குறிச்சியில் பயிற்சி. பயந்த தாயாக நான் நடிக்க, கச்சிராயபாளையம் பக்கத்து நர்சு செல்வி எனக்கு விளக்க வேண்டும். கேள்விகளை வரிசையாக, அழகாகக் கேட்டேன். அப்போது எனக்குப் பிள்ளை இல்லை. செல்வி பேனாவை மூடிவிட்டாள்.

"நெஜ அம்மா நம்பர் போட்டுக் கேக்க மாட்டாங்க மேடம். பாதியில அழுதுடுவாங்க."

மூன்று சட்டை

இன்றைக்கு வீட்டுக்காரர் சேலத்தில். பனிக்குப் பயந்து பிள்ளைக்கு மூன்று சட்டை போட்டிருந்தேன். ஓட நேர்ந்தால் தடையாக இருக்கக் கூடாதென்று வாசல் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு, செல்விக்குப் போன் போட்டேன். என்ன சொன்னேனோ தெரியாது, பாதியில் அழுதேன்.

"இப்பத்தான் நெஜ அம்மா மாதிரி பேசறீங்க. மொதல்ல சட்டைய கழட்டுங்க மேடம்."

கழற்றினேன். நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. குழி இல்லை, வேகம் இல்லை, காய்ச்சலும் இல்லை. மூக்குதான் அடைத்திருந்தது. டாக்டர் முன்பே எழுதித் தந்த சொட்டு மருந்தை விட்டதும் ஒரு தும்மல். பிறகு பாலுக்கு வாய் திறந்தான். சத்தம் நின்றது. அதுவரை செல்வி போனை வைக்கவில்லை.

"திருத்தின அட்டையில முதல் வரியே 'சட்டைய கழட்டிப் பாருங்க'ன்னுதானே மேடம், நீங்க எழுதினது."

ஊருக்கெல்லாம் படம் காட்டுகிறவளுக்கு தன் அட்டையையே படித்துக் காட்ட ஒரு ஆள் வேண்டியிருக்கிறது என்பதை இங்கே எழுதி வைத்துவிட்டு, எழுந்துபோய்க் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டேன்.